ஒத்தாசைப் பக்கத்தில் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான் எழுதியது காணோம்." "இந்தப் பக்கத்தில் தப்பு இருக்கிறது, யாராவது மாத்துங்க." "படம் வரமாட்டேன் என்கிறது." தமிழ் விக்கிப்பீடியாவில் உதவி கேட்பதற்கான ஒத்தாசைப் பக்கத்திலும், எல்லாரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்திலும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களிலும் இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தளம் இது. வாசிப்பவர்கள் கூடக் கூடக் கேட்பவர்களும் கூடுவார்கள். பதில் சொல்கிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். வேலை முடிந்து வந்து, இரவில் எட்டிப் பார்த்து எழுதுகிறார்கள். அவசரம் இயல்புதான். ஆனால் அந்த அவசரத்தில் செய்யும் சில தவறுகளால் கேட்டவர் திரும்பி வராமலே போய்விடுகிறார்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே போனது. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் உடனுக்குடன் நீக்கப்பட்டன, ஆளுக்குப் பதில் தானியங்கி எச்சரிக்கைகள் அவர்களை வரவேற்றன. அவ்வளவு பெரிய தளமே அந்த இழப்பை உணர்ந்தது என்றால், நம் தளத்தில் ஓர் ஆள் குறைவது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

போய்ப் பார்க்காமல் பதில் சொல்வது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை. கேட்பவருக்குத் தெரிந்தது அவர் திரையில் கண்டது மட்டுமே. அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் எழுதிய வாக்கியத்துக்குப் பதில் சொன்னால் பெரும்பாலும் தவறான பதிலாகவே முடியும். பக்கத்தின் வரலாற்றையும் அவருடைய பங்களிப்புகள் பட்டியலையும் திறந்து பார்த்த பிறகு எழுதுங்கள்.

"நான் எழுதியது அழிந்துவிட்டது" என்பதையே எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது நான்கு கதைகள் இருக்கலாம். முன்தோற்றம் பார்த்துவிட்டுப் பதிப்பிக்காமலே மூடியிருப்பார். பங்களிப்புகளில் எதுவும் இருக்காது. பதிப்பித்திருப்பார், யாரோ முன்னிலையாக்கியிருப்பார், அதாவது பழைய வடிவத்துக்கே திருப்பியிருப்பார். திருத்தம் அப்படியே இருக்கும், கேஷில் (உலாவியோ தளமோ சேமித்துவைத்த நகலில்) கிடக்கும் பழைய வடிவம் அவருக்குத் தெரிந்துகொண்டிருக்கும். அல்லது அவர் தொடங்கிய கட்டுரையே நீக்கப்பட்டிருக்கும். அப்போது நீக்கல் பதிவில்தான் காரணம் கிடைக்கும். நாலுக்கும் நாலு விதமான பதில். ஆனால் நாலுக்குமே "சான்று இல்லாமல் சேர்த்தால் நீக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் போனால், கேஷ் கோளாறில் மாட்டியவர் என்ன நினைப்பார்?

நல்ல பதில் ஒன்று இப்படி இருக்கும்: "வணக்கம். உங்கள் திருத்தத்தைப் பார்த்தேன். ஊரின் மக்கள்தொகையை மாற்றியிருந்தீர்கள். சான்று இல்லாததால் இன்னொரு பயனர் பழைய எண்ணுக்கே திருப்பியிருக்கிறார். 2011 கணக்கெடுப்பில் நீங்கள் சொன்ன எண் இருந்தால் அந்த இணைப்பை இங்கே தாருங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்." தன் திருத்தத்தை ஒருவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று கேட்டவருக்குத் தெரிகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது.

இதைவிடச் சிக்கலானவை, கண்ணுக்குத் தெரியும் பிழை கட்டுரைக்குள்ளேயே இல்லாத நேரங்கள். கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவற்பெட்டியில் ஒருவரின் பிறந்த தேதி தவறு என்று சொல்லுவார். தொகு பக்கத்தைத் திறந்தால் அந்தத் தேதியே இருக்காது, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவிலிருந்து வருகிறது. கைபேசிச் செயலியில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி விவரணம் தெரியும், அதுவும் விக்கித்தரவிலிருந்து வருவதுதான். அங்கே எவரோ ஆபாசமாக எழுதிவைத்திருப்பார். வாசகர் பதறிப்போய் முறையிடுவார். பதில் சொல்பவர் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "கட்டுரையில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று எழுதி முடித்துவிடுவார். முறையிட்டவர் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். அந்த ஆபாச வரியும் அங்கேயே கிடக்கும். "செயலியில் பார்த்தீர்களா, உலாவியிலா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

படம் காணாமல் போவதும் இப்படித்தான். "யாரோ வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள்" என்று கோபமாக வருவார்கள். வரலாற்றைத் திறந்தால் ஒரு தானியங்கி (தானாகத் திருத்தும் நிரல்) எடுத்திருக்கும். அதன் தொகுப்புச் சுருக்கத்திலேயே, விக்கிகளுக்குப் பொதுவான படக் கிடங்கான பொதுவகத்தில் அந்தக் கோப்பை யார், எந்தக் காரணத்துக்காக நீக்கினார்கள் என்று எழுதியிருக்கும். இணையத்தில் கிடைத்த நடிகர் படத்தைத் தன் சொந்தப் படம் என்று எவரோ பொதுவகத்தில் ஏற்றியிருப்பார், பதிப்புரிமைச் சிக்கலால் அங்கே அது போயிருக்கும். இங்கே எவரும் எதுவும் செய்யவில்லை. இதை இரண்டு வரியில் சொன்னால் கோபம் அடங்கிவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. "கட்டுரை இருக்கிறது, ஆனால் தேடினால் வரவில்லை, இணைப்புக் கொடுத்தால் சிவப்பாகக் காட்டுகிறது" என்பார்கள். 'கௌதம்' என்று தட்டச்சிடும்போது பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பையும் 'ள' எழுத்தையும் சேர்த்து 'கெளதம்' என்று அடித்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை: 'ஸ' போட்டும் எழுதலாம், 'ஶ' போட்டும் எழுதலாம், திரையில் ஒரே உருவம்தான் வரும். "எனக்குச் சரியாகத்தானே வருகிறது" என்று பதில் எழுதுவதற்கு முன், கேட்டவர் அடித்த சொல்லை நகலெடுத்துத் தேடிப் பாருங்கள். நீங்களே புதிதாக அடித்துத் தேடினால் கோளாறு தெரியாது. காரணம் பிடிபட்டதும், அந்தச் சொல்லிலிருந்து சரியான தலைப்புக்குக் கொண்டுபோகும் ஒரு வழிமாற்று போட்டுவிட்டால் அடுத்தவருக்கும் அந்தத் தொல்லை இருக்காது.

தடை அறிவிப்பைக் கண்டதும் சந்தேகப்படுவது

"உங்கள் ஐபி தடுக்கப்பட்டுள்ளது என்று வருகிறது, நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று கேட்பவரிடம், "விசமத் தொகுப்பு செய்திருந்தால் தடை வரும்" என்று சொல்வது கொடுமை. கைபேசி நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் (ஐபி) பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. எங்கோ ஒருவர் செய்த குறும்புக்கு அந்த முகவரி வரிசையே தடைபட்டிருக்கும். விபிஎன் வழியாக வந்தாலும் இதே கதை. அறிவிப்பில் தடைக்கான எண்ணும், தடை செய்தவர் பெயரும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். நம் தளத்து நிர்வாகி போட்ட தடையா, எல்லா விக்கிகளுக்குமாக ஸ்டூவர்டுகள் (அனைத்து விக்கிகளிலும் அதிகாரம் உள்ள தன்னார்வலர்கள்) போட்டதா என்று அதை வைத்துத்தான் தெரியும். பின்னதை நம் நிர்வாகி எடுக்க முடியாது என்றாலும், நம் தளத்தில் மட்டும் அது செல்லாதபடி செய்யவும், கணக்கு உள்ளவருக்கு விலக்குத் தரவும் வழி இருக்கிறது. கேட்டவர் மேல் குற்றம் இல்லை என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வேறு வாசலைக் காட்டி அனுப்பிவிடுவது

மென்பொருள் கோளாறுகளை விக்கிமீடியா பேப்ரிக்கேட்டர் தளத்தில்தான் பதிய வேண்டும், 2014 இறுதியிலிருந்து அதுதான் முறை. சரி. அதற்காக, தமிழில் தட்டுத்தடுமாறிக் கேட்டவரிடம் "பேப்ரிக்கேட்டரில் புகார் செய்யுங்கள்" என்று இணைப்பைக் கொடுத்துவிட்டு நகர்வது உதவியே இல்லை. அந்தத் தளம் பெரும்பாலும் ஆங்கிலம். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார், கோளாறும் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் எழுத வருகிறவர் நீங்கள் என்றால் அவர் சார்பில் நீங்களே பதியுங்கள். அதற்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள்: எந்த உலாவி, கைபேசியா கணினியா, புகுபதிகை செய்திருந்தாரா, பிழைச் செய்தியின் சொற்கள் அப்படியே என்ன, திரைப்பிடிப்பு உண்டா. தனியுலாவல் சாளரத்தில் புகுபதிகை செய்யாமல் திறந்தால் கோளாறு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அவருடைய விருப்பத்தேர்வுகளிலோ அவர் சேர்த்துக்கொண்ட கருவிகளிலோதான் காரணம் இருக்கும், பேப்ரிக்கேட்டர் வரை போகவே வேண்டாம்.

கொள்கைப் பக்கங்களின் இணைப்புகளை மட்டும் வரிசையாக ஒட்டுவதும் இதே வகைதான். காலமான தன் தந்தை, ஊரில் பள்ளி கட்டியவர், அவரைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை நீக்கப்பட்டுவிடுகிறது. வருத்தத்தோடு கேட்கிறார். "குறிப்பிடத்தக்கமை இல்லை" என்ற இரண்டு சொல்லும் ஓர் இணைப்பும் அவருக்குப் பதிலாகக் கிடைத்தால், தன் அப்பா குறிப்பிடத் தகுந்தவர் இல்லை என்று முன்பின் தெரியாத எவரோ சொன்னதாகத்தான் படும். ஒரு கட்டுரை நிற்க வேண்டுமானால் அவரைப் பற்றிக் குடும்பத்தார் அல்லாதவர்கள் நூலிலோ நாளிதழிலோ விரிவாக எழுதியிருக்க வேண்டும், அப்படி ஏதும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால், அந்தப் பள்ளியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ உள்ள கட்டுரையில் சான்றோடு ஒரு வரி சேர்க்க இடமுண்டா என்று சேர்ந்து பாருங்கள். நீக்கப்பட்ட எழுத்தை அவர் தனக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், உள்ளடக்கத்தில் சிக்கல் இல்லாதபட்சத்தில் நிர்வாகி எடுத்துத் தரலாம். நிறுவன விளம்பரத்துக்குப் பக்கம் கேட்பவர்களுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. ஆனாலும் மரியாதை குறையக் கூடாது.

உயிரோடு இருப்பவரின் முறையீட்டைப் பத்தோடு பதினொன்றாக நினைப்பது

2005 மே மாதம், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று எவரோ பொய்யாக எழுதிவைத்தார். நான்கு மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. அவர் ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வரி அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று புரியும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கான விதிகள் இறுகியதற்கு அந்தச் சம்பவம் முக்கியக் காரணம்.

"என்னைப் பற்றித் தவறாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால், "சரியான தகவலுக்குச் சான்று கொடுங்கள், மாற்றுகிறோம்" என்பது தலைகீழான பதில். அந்த வரிக்குச் சான்று இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பாருங்கள். இல்லை என்றால் அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள், பேச்சு அப்புறம். வரியை வைத்திருக்க விரும்புகிறவர்தான் சான்று காட்ட வேண்டும். இன்னொன்று, தன்னைப் பற்றிய பக்கத்தில் ஒரு பத்தியை ஒருவர் விளக்கமே இல்லாமல் அழிக்கிறார் என்றால் அண்மைய மாற்றங்களில் அது விசமம்போலவே தெரியும். முன்னிலையாக்கு பொத்தானை அழுத்தும் முன் அழிக்கப்பட்ட பத்தியைப் படியுங்கள்.

கூகுளில் தேடும்போது வரும் பெட்டியில் வேறொருவர் படம் இருக்கிறது என்றும் பலர் இங்கே வந்து முறையிடுவார்கள். அந்தப் பெட்டியை அமைப்பது கூகுள். உரை இங்கிருந்து போயிருக்கலாம், படம் எங்கிருந்தோ வந்திருக்கும். பெட்டிக்கு அடியில் கருத்துத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

பதில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காதது

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் நல்ல பதில்கள் பல வீணாவது இங்கேதான். பயனர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அவருக்கு அறிவிப்புப் போகும் என்று நம்புகிறோம். அதே தொகுப்பில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமும் இட்டிருந்தால்தான் போகும். கையொப்பத்தை மறந்துவிட்டுப் பிறகு தனியாகச் சேர்த்தாலோ, பெயரை மட்டும் பின்னால் திருத்தினாலோ போகாது. புதிதாக ஒரு வரி எழுதிப் பெயரும் கையொப்பமும் சேர்த்துப் பதிப்பிக்க வேண்டும். கணக்கில்லாமல் கேட்டவருக்குத் தற்காலிகக் கணக்கு ஒன்று தானாக உருவாகும், ஆனால் அது அந்த உலாவிக்கு மட்டுமானது, 90 நாள்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கேள்வி கேட்ட இடத்திலேயே பதில் எழுதுங்கள். அவர் திரும்பி வந்தால் அங்கேதான் தேடுவார்.

கடவுச்சொல் மறந்தவர்களிடம் சுற்றி வளைக்க வேண்டாம். கணக்கில் மின்னஞ்சல் இருந்தால் மீட்கலாம், இல்லையென்றால் நிர்வாகிகளாலும் பார்த்துச் சொல்ல முடியாது. புதுக் கணக்கு தொடங்கி, பழைய கணக்கு தன்னுடையது என்று பயனர் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

உதவி கேட்பவர்களில் சிலர் வெள்ளந்தியாகத் தங்கள் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதி, "கூப்பிடுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்தை உலகமே படிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எண்ணை உடனே எடுத்துவிடுங்கள். எடுத்தாலும் வரலாற்றில் இருக்கும் என்பதால், நிர்வாகி ஒருவரிடம் அந்தத் திருத்தத்தை மறைக்கச் சொல்லுங்கள். இந்த வேண்டுகோளை ஆலமரத்தடியில் எழுதக் கூடாது, எல்லாரும் போய் எண்ணைப் பார்ப்பார்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிறகு அவருடைய பேச்சுப் பக்கத்தில், எண்ணை ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அவர் கேட்ட கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லிவிடுங்கள்.