மங்கலான நாளில் கட்டுப்பாட்டு வான்பகுதி ஓரமாகப் பறக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே, ஜூன் மாதக் காலைகளில் லாஸ் ஏஞ்சலஸ் சமவெளி முழுக்கக் கடல்மேகம் தாழ்வாக வந்து படிந்துவிடும், அது விலகிய பிறகும் பல நாட்களில் ஒரு மங்கல் நிற்கும். அந்த மங்கலுக்குள்தான் லாஸ் ஏஞ்சலஸின் பெரிய விமான நிலையத்தின் கிளாஸ் பி வான்பகுதி, பர்பாங்க்கின் கிளாஸ் சி, வான் நைஸ், வைட்மேன், டாரன்ஸ் என்று கிளாஸ் டி பகுதிகள், வடக்கே சான் கேப்ரியல் மலை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பி, சி, டி என்பவை விமான நிலையங்களைச் சுற்றி, தரையிலிருந்து வழிநடத்தும் கண்ட்ரோலரோடு பேசாமல் நுழையக்கூடாத வான்பகுதிகள், பி-யில்தான் கட்டுப்பாடு அதிகம். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் தகுதி) இல்லாத ஒரு பிரைவேட் பைலட் சிறு விமானத்தில் இந்தப் பக்கம் போகும்போது எங்கெல்லாம் தவறு நடக்கிறது என்று பார்க்கலாம்.

முதல் தவறு, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது, ரேடியோவில் பேசாமல் ஒதுங்கிப் போவது. ஹெல்மெட் போடாதவர் போலீஸைப் பார்த்ததும் சந்துக்குள் வண்டியைத் திருப்புவது போல, கண்ட்ரோலர் என்றாலே திட்டுவார் என்று பயந்து, கிளாஸ் பி-யின் அடித்தளத்துக்கு, அதாவது அது தொடங்கும் உயரத்துக்கு, இன்னும் கீழே இறங்கி, மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் நுழைகிறார்கள். எல்லையைத் தெரியாமல் தாண்டினால் ஒரு விசாரணை வரும், அதைச் சமாளிக்கலாம். மேகத்துக்குள் நுழைந்தால் வெளியே வருவோமா என்பதே நிச்சயமில்லை. அந்த வட்டாரத்தின் ரேடார் கட்டுப்பாட்டு மையமான சதர்ன் கலிஃபோர்னியா அப்ரோச்சை வானிலை நன்றாக இருக்கும்போதே கூப்பிட்டு ஃபிளைட் ஃபாலோயிங் (ரேடாரில் உங்களைக் கவனித்து, அருகில் வரும் விமானங்களைச் சொல்லும் சேவை) கேளுங்கள். சிக்கிய பிறகு புது அலைவரிசை தேடுவது கஷ்டம்.

எல்லை முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று, வானம் தெளிவாக இருந்த நாளிலேயே, டாரன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு பைப்பர் விமானம் அனுமதி இல்லாமல் பெரிய நிலையத்தின் வான்பகுதிக்குள் போய், செர்ரிடோஸ் ஊருக்கு மேலே ஏரோமெக்ஸிகோ டிசி-9 விமானத்தோடு மோதியது. தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். நல்ல வெளிச்சத்திலேயே இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துத் தப்பிக்க முடியவில்லை.

அடுத்து, ஃபிளைட் ஃபாலோயிங் கிடைத்துவிட்டது, ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவிக்கு எண்ணும் கொடுத்துவிட்டார்கள், அதுவே அனுமதி என்று நினைப்பது. கிளாஸ் பி-க்கு அது போதாது, உள்ளே வர அனுமதி என்று வெளிப்படையாகக் காதில் விழ வேண்டும். கிளாஸ் சி, டி இரண்டிலும் கண்ட்ரோலர் உங்கள் அழைப்புப் பெயரைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. பெயர் சொல்லாமல் "கூப்பிட்ட விமானம், ஸ்டாண்ட்பை" என்றால் இன்னும் நீங்கள் வெளியேதான் இருக்க வேண்டும்.

உயரத்தில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. மங்கல் பெரும்பாலும் காற்றழுத்தம் கூடிய நாட்களில் வரும். அழுத்தம் கூடிய பக்கம் போகும்போது காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் பழைய அழுத்த எண்ணையே விட்டுவிட்டால், கருவி காட்டுவதைவிட உண்மையில் மேலே இருப்பீர்கள். அழுத்த எண்ணில் 0.20 அங்குல (பாதரச அளவு) வித்தியாசம் உயரத்தில் சுமார் 200 அடி. கிளாஸ் பி-யின் தளத்தை 100 அடி இடைவெளியில் உரசிப் போகிறவர் இதிலேயே உள்ளே போய்விடுவார். டேப்லெட் காட்டும் ஜிபிஎஸ் உயரத்தையும் இதற்கு நம்பக்கூடாது. அது வேறு கணக்கு, வெயில் நாட்களில் ஆல்டிமீட்டரிலிருந்து சில நூறு அடி விலகி நிற்கும். அப்புறம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு, கோட்டை ஒட்டி ஒட்டி ஓட்டும் பழக்கம். பார்வைத் தூரம் குறைந்த நாளில்தான் கண் வெளியே இருக்க வேண்டும், ஆனால் அன்றைக்குத்தான் எல்லோரும் திரைக்குள் தலையை விடுகிறார்கள். பக்கவாட்டில் இரண்டு மைல் தள்ளிப் பாதை போட்டுவிட்டால் இந்த அவஸ்தையே இல்லை.

வானிலை அறிக்கையில் பார்வைத் தூரம் 3 மைல் என்று இருந்தால் சட்டப்படி சரி என்று கிளம்புவார்கள். 110 நாட் வேகத்தில் 3 மைலைக் கடக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. அந்த 3 மைல் விமான நிலையத்தில் தரைமட்டத்தில் அளந்தது. மாலையில் சூரியனைப் பார்த்து மேற்கே பறப்பவருக்கு அதில் பாதிகூடத் தெரியாமல் போகலாம்.

விஎஃப்ஆர் என்றால் வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகள். அதில் ஸ்பெஷல் விஎஃப்ஆர் பற்றி நிறையப் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பகலில் 1 மைல் பார்வையோடு, மேகத்தைத் தொடாமல், நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்பகுதியில் பறக்கத் தரும் அனுமதி அது. நீங்கள்தான் கேட்க வேண்டும், கண்ட்ரோலர் தானாக முன்வந்து தரமாட்டார். அந்த எல்லைக்கு அப்பால் வானிலை எப்படி என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை. 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் பர்பாங்க் வெளியே காத்திருந்து, இதே அனுமதியோடு பர்பாங்க், வான் நைஸ் பகுதிகளைச் சரியாகக் கடந்தது. அதன் பிறகு கலபாசஸ் மலைப்பக்கம் மேகத்துக்குள் ஏறி, விமானி திசையுணர்வு இழந்து, ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த விமானி இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் உள்ள தொழில்முறை விமானி. பிரைவேட் உரிமத்துக்கு அமெரிக்காவில் கட்டாயமான கருவிப் பயிற்சியோ 3 மணி நேரம்தான்.

கண்ட்ரோலர் சொன்ன திசையில் மேகம் இருந்தும் சொன்னாரே என்று போவதும் இந்த வகைதான். அவர் திரையில் உங்கள் மேகம் தெரியாது. "முடியாது, மேகம் இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் வேறு வழி தருவார்.

மேகத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது? 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தார்கள். சராசரியாக 178 நொடியில் கட்டுப்பாடு போனது. அதனால் தரையைத் தேடிக் குனிந்து பார்க்காதீர்கள். செயற்கை அடிவானத்தைப் பார்த்து இறக்கையை முதலில் சமமாக்குங்கள், ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். முன்னால்தான் மேகம், பின்னால் தெளிவு என்றால் மெதுவாகத் திரும்புங்கள், நொடிக்கு 3 டிகிரி வீதம் ஒரு நிமிடத்தில் வந்த திசைக்கே வந்துவிடலாம். பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே, யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5-ல், எமர்ஜென்சி என்று சொல்லிவிடுங்கள். உயிர் தப்ப எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தால் விதியே அதை அனுமதிக்கிறது.

வான்பகுதி எல்லையைத் தெரியாமல் தாண்டிவிட்டுத் தரையிறங்கினால், 10 நாட்களுக்குள் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு நடந்ததை எழுதி அனுப்புங்கள். வேண்டுமென்றே செய்யாத மீறலாக இருந்தால், சில நிபந்தனைகளோடு, தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும்.