லிமிட் தாண்டியிட்டுது என்று சொல்ல முன்

போன கிழமை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி வந்தார். அமெரிக்காவில் தமக்கையோடு இருக்கும் தாயின் மருத்துவக் காப்புறுதிக் கடிதங்கள் ஒரு கட்டு கையில். "அண்ணை, அம்மா இந்த வருசம் கட்டினது எல்லாத்தையும் கூட்டிப் பார்த்திட்டன். லிமிட் தாண்டியிட்டுது. இனி ஒண்டும் கட்டத் தேவையில்லைதானே?" என்று போனில் கூட்டி வைத்திருந்த தொகையையும் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. 2025இல் நானும் இதே கூட்டலைத்தான் கூட்டினேன்.

அட்டையைத் தொலைப்பது, கடைசித் திகதியைத் தவறவிடுவது எல்லாம் ஒருவரும் சொல்லாமலே தெரிகிற பிழைகள். அவற்றை விடுகிறேன். இந்த லிமிட் கணக்கில் நாம் விடுகிற பிழைகளைத்தான் சொல்ல வந்தேன்.

லிமிட் யாருக்கு?

நம்மூரில் காப்புறுதி எடுத்தவரிடம் "வருட லிமிட் ஐந்து லட்சம்" என்றால், கம்பெனி தரக்கூடிய உச்சத் தொகை அது. மேலே போனால் நம் தலையில். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி மெடிக்கெயார். அதைத் தனியார் கம்பெனிகள் வழியாக எடுக்கும் மெடிக்கெயார் அட்வான்டேஜ் திட்டங்களில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே வரம்பு நம் பொக்கற்றுக்கு. வருசத்தில் நாம் கட்டியது அந்தத் தொகையைத் தொட்டால், திட்டம் ஏற்கும் ஆஸ்பத்திரி, வைத்தியர் செலவை டிசம்பர் முடியும்வரை கம்பெனியே கட்ட வேண்டும்.

என் சித்தப்பா ஒருவர் தன் லிமிட் 6,000 டொலர்தான் என்று கவலைப்பட்டு, 8,000 டொலர் லிமிட் உள்ள திட்டத்துக்கு மாறினார். "கூடின லிமிட்" கிடைத்த சந்தோசத்தில் எனக்குப் போனும் எடுத்தார். நான் என்னத்தைச் சொல்ல!

அரசாங்கம் விதித்திருக்கும் உச்சம் 2025இல் 9,350 டொலர், 2026இல் 9,250. கம்பெனிகள் அதற்குக் கீழே எவ்வளவும் வைக்கலாம். அட்வான்டேஜ் எடுக்காமல் அரசாங்கத்தின் பழைய மெடிக்கெயாரில் மட்டும் இருப்பவருக்கு வரம்பென்று ஒன்று இல்லவே இல்லை. வைத்தியர் செலவில் பொதுவாக 20 வீதம் அவருடையது. பில் எவ்வளவு ஏறினாலும் அதே 20 வீதம்.

கட்டியதெல்லாம் கணக்கில் வரும் என்று நினைப்பது

அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மாவிடம் பெரிய பிஸ்கட் ரின் ஒன்று இருந்தது. கட்டிய பில் எதுவானாலும் நாலாக மடித்து அதற்குள் போய்விடும். 2025 ஒக்டோபரில் மற்ற முழங்காலுக்கும் ஒப்பரேசன் செய்ய நாள் குறித்தார்கள். மகள் ரின்னில் இருந்ததையெல்லாம் படம் பிடித்து அனுப்ப, நான் இங்கே திருகோணமலை மடத்தடி வீட்டு விறாந்தையில் இருந்து கூட்டினேன். 6,140 டொலர். அவருடைய திட்டத்தின் லிமிட் 5,900. "பெரியம்மா, தாண்டியிட்டுது. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்று பெருமையோடு சொன்னேன். ஒப்பரேசனுக்கென்று எடுத்து வைத்த டொலரை அவர் அன்றே இந்த வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்பிவிட்டார். மாரி தொடங்க முன் ஓடு மாற்ற வேண்டும் என்பது அவருக்கு மூன்று வருசத்து ஆசை.

ஒப்பரேசன் முடிந்து பில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், நாளுக்கு 350, மொத்தம் 1,750 டொலர். கூரையில் ஓடு ஏறிவிட்டது. அந்தக் காசை எங்கே போய்த் தேடுவது?

ரின்னை இந்த முறை ஒழுங்காகப் பிரித்தேன். வைத்தியர் செலவுக்கான பகுதியான மெடிக்கெயார் பார்ட் பியின் பிரீமியம், மாதம் 185 வீதம் ஒன்பது மாதத்துக்கு 1,665. பிரீமியம் எதுவுமே லிமிட்டில் சேராது. மருந்துக்கடையில் வாங்கிய குளிசைகள் 1,120. அது பார்ட் டி என்ற மருந்துப் பகுதி. அதற்கு வேறு வரம்பு, 2025இல் 2,000 டொலர், 2026இல் 2,100. ஆஸ்பத்திரியில் வைத்து ஊசியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து பெரும்பாலும் பார்ட் பியில் விழும், அது லிமிட்டில் சேரும். மருந்து என்ற பெயர் ஒன்று, கணக்கு இரண்டு. பல்லுக்குக் கட்டியது 900, அவருடைய திட்டத்தில் அதுவும் சேராது. மாசியில் இங்கே வந்து நின்றபோது சளிக்கு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டியது ஏறத்தாழ 310 டொலர். அந்த ரூபாய் பில்லையும் டொலராக மாற்றிக் கூட்டியிருந்த என் கெட்டித்தனத்தை என்னவென்பது!

எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் எண்ணப்பட்டது 2,145 டொலர். பாதி தூரம்கூடப் போகவில்லை.

இதில் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. எண்ணிய தொகை இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கம்பெனியே கடிதத்தில் போட்டு அனுப்புகிறது. 'எக்ஸ்பிளனேஷன் ஒஃப் பெனிஃபிட்ஸ்' என்று பெயர். அதில் 'இது பில் அல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். பில் இல்லையென்றால் ரின்னில் இடமில்லை என்பது பெரியம்மாவின் சட்டம். அத்தனையும் குப்பைக்குப் போயிருந்தது. நானும் பில்லை மட்டும்தான் கேட்டேன்.

உப்புவெளித் தம்பியின் கட்டில் அந்தக் கடிதம் இருந்தது, பிரிக்காத உறையோடு.

நெட்வேர்க்குக்கு வெளியே போவது

நெட்வேர்க் என்றால் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள வைத்தியர்களும் ஆஸ்பத்திரிகளும். அதற்குள்ளேயே போகச் சொல்லும் எச்எம்ஓ திட்டமென்றால், அவசர சிகிச்சை தவிர, வெளி வைத்தியருக்குக் கட்டியது பெரும்பாலும் எண்ணப்படாது. வெளியே போகவும் விடும் பிபிஓ திட்டத்தில் உள்ளுக்கு ஒரு வரம்பு, உள்ளும் வெளியும் சேர்த்து இன்னொரு வரம்பு. சேர்த்து வரும் வரம்பின் உச்சம் 2026இல் 13,900 டொலர். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது சின்னத் தொகைதான்.

ஜனவரி 1

எல்லாம் பூச்சியம். டிசம்பரில் ஒப்பரேசன் செய்து ஜனவரியில் பிசியோதெரபி தொடங்கினால் இரண்டு வருசக் கணக்கு.

ஊருக்கு வந்து நெடுக நிற்பது

திருகோணமலைப் பொது ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள், சரி. தனியாரிடம் போனால் மெடிக்கெயார் பொதுவாக வெளிநாட்டுச் செலவைக் கட்டாது. சில அட்வான்டேஜ் திட்டங்கள் அவசரத்துக்கு மட்டும் ஏதோ தரும், அதற்கும் தனி உச்சம் இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆறு மாதத்துக்கு மேல் ஒரே தொடராகத் திட்டத்தின் பிரதேசத்துக்கு வெளியே நின்றால் பெரும்பாலான அட்வான்டேஜ் திட்டங்கள் பெயரை நீக்கிவிடும். நீக்கினால் வரம்பும் போய், 20 வீதக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். பெரியம்மா இப்போது தைப்பொங்கலுக்கு வந்தால் ஆனி பிறக்க முன் விமானம் ஏறுகிறார். ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோவில் கடலில் தீர்த்தமாட முடியவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு.