பல்லை வெளுக்க வைக்கும் முன் கறை எங்கே என்று பாருங்கள்

டீ, காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட், மாதக்கணக்கில் கொப்பளித்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்: இவை விடும் கறை பெரும்பாலும் பல்லின் வெளி ஓடான எனாமலின் மேலேதான் படிந்திருக்கும். அதற்கு பிளீச்சிங் தேவையில்லை. ஸ்கேலிங், பாலிஷிங் போதும். முதலில் கிளீனிங் மட்டும் செய்துகொண்டு, ஒரு வாரம் கழித்து நிறத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சொத்தை, விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். இல்லையென்றால் பிளீச்சிங் மருந்து உள்ளே இறங்கி, கூச்சம் தாங்க முடியாமல் போகும்.

அதற்குப் பிறகும் பல் மஞ்சளாகவே இருந்தால் நிறம் பல்லுக்குள் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

கிளினிக்கிலேயே செய்வதில் 25 முதல் 40% வரையிலான ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல் பயன்படுகிறது. ஷேட் கார்டு வைத்துப் பல்லின் நிறத்தைக் குறித்து, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஈறின் விளிம்பு முழுக்க ரெசின் என்ற பிசின் பூசி, லைட் அடித்து இறுக வைப்பார்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. இரண்டு பல்லுக்கு நடுவே ஊசிமுனை இடைவெளி விட்டாலும் ஜெல் கசிந்து ஈறு வெள்ளையாக வெந்துவிடும். எரிச்சல் தெரிந்த நொடியே கையைத் தூக்குங்கள். உடனே கழுவிவிட்டால் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஜெல்லை 15–20 நிமிடம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி பூசுவார்கள். ஒரே அமர்வில் இரண்டு மூன்று தடவை. நீல லைட்டுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டியதில்லை, வேலை செய்வது ஜெல்தான். அன்று கண்ணாடியில் தெரியும் வெள்ளையையும் முழுதாக நம்பாதீர்கள். பல் ஈரம் வற்றியிருப்பதால் கூடுதல் வெளுப்பாகத் தெரியும். உண்மையான நிறம் ஒன்றிரண்டு வாரத்தில்தான் நிலைக்கும்.

இரண்டாவது வழி வீட்டில் செய்வது. கல்யாணம் போன்ற விசேஷ நாள் நெருங்காதவர்களுக்கு, பல்லுக்கு அளவெடுத்துச் செய்யும் ட்ரேதான் நல்லது. இதில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல். ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்கில் ஏறத்தாழ 3.5% தான். ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் ஓர் அரிசி அளவு போதும். ட்ரேயை மாட்டியதும் ஈறில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, இரவு முழுக்க வைத்திருங்கள். இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் வந்த சாம்பல் நிறத்துக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள டூத்பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பே தேய்க்கத் தொடங்குவது நல்லது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளீச் செய்தால் ஃபுளோரைடால் பல்லில் வந்த வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும். எனாமலை மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், திட்டுக்குள் ரெசினை ஊற வைக்கும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் இவற்றைச் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ரூட் கெனால் செய்த ஒற்றைப் பல் கறுத்திருந்தால் பிளீச்சிங் மருந்தைப் பல்லுக்குள் வைத்து மூடி, சில நாளுக்கொரு முறை மாற்றுவார்கள். வேர் நிரப்பியதன் மேல் 2 மி.மீ. சிமென்ட் தடுப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஈறோரம் உள்ள பல்லின் கழுத்துப் பகுதியில் வேர் அரிக்கப்படும் ஆபத்து கூடும்.

கேப்பும் பல் நிற ஃபில்லிங்கும் வெளுக்காது. மாற்றுவதாக இருந்தால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துச் செய்யுங்கள். பிளீச்சிங்கால் பல்லில் தங்கிய ஆக்சிஜன் இருக்கும்வரை ஃபில்லிங்கின் ரெசின் சரியாக ஒட்டாது.