ஐஸ் உடைக்க ஒரு புளியங்கட்டைச் சுத்தி

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் சின்ன ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். மாம்பழக் காலத்தில் பெட்டியில் பத்துப் பதினைந்து பை ஐஸ் கிடக்கும். ஆட்டோவில் வரும்போதே கொஞ்சம் உருகியிருக்கும். நடுவில் மின்சாரம் போய்த் திரும்பினால் கேட்கவே வேண்டாம், கசிந்த நீர் மறுபடி உறைந்து பை முழுவதும் ஒரே பாறையாகிவிடும்.

முதலில் இரும்புச் சுத்தியால் அடித்தேன். பை கிழிந்து, பிளாஸ்டிக் துணுக்கு ஒருவருடைய சாத்துக்குடி ஜூஸில் மிதந்தது. பிறகு ஆப்பு வைத்த மரச்சுத்தி ஒன்றை வாங்கினேன். இரண்டாவது மாதத்தில் அதன் தலை பறந்து போய் நன்னாரி சர்பத் ஜாடியை உடைத்தது. காரணம் எளிது. ஐஸ் வேலையில் மரம் பகலில் நனைந்து உப்பும், இரவில் காய்ந்து சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே ஆப்பு தளர்ந்துவிடும். ஆகவே ஆப்பே இல்லாத சுத்தி வேண்டும். குந்தாலிக்குக் காம்பு போடுவது போல, மேலிருந்து நுழைத்து, வீச வீச இறுகும்படி செய்ய வேண்டும்.

தலைக்குப் புளியமரம். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக்காரர்கள் அதையே வெட்டுக்கட்டையாக வைத்திருப்பதிலிருந்து அதன் உறுதி தெரியும். (கறிக்கடையில் கழித்த கட்டை மலிவாகக் கிடைக்கும். அந்த வாடை சாகும்வரை போகாது, வேண்டாம்.) மர அறுவை மில்லில் வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த துண்டாகக் கேளுங்கள். வெளிறிய ஓரப்பகுதியை வண்டு துளைத்துவிடும், அடிமரத்தின் நட்டநடுப் பகுதி வெடிக்கும். நீளம் 6 அங்குலம், அகலமும் உயரமும் மூன்றரை அங்குலம். எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் ஐஸில் படும் முகம் வெட்டுமுகமாக, அதாவது ரேகைக்குக் குறுக்கே அறுத்த முகமாக இருக்கும், சிம்பு பெயராது.

துளையில்தான் சூட்சுமம். அடிப்பக்கம் 10 நூல் நீளம் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), மேற்பக்கம் 12 நூல், அகலம் இரண்டிலும் 7 நூல். அதாவது, அடிக்கும் முகங்களை நோக்கிய இரண்டு சுவர்கள் மட்டும் சாய்வு, பக்கச் சுவர்கள் நேர். பக்கவாட்டிலும் சாய்வு கொடுத்தால் காம்பு இறுகும்போது ரேகையைப் பிளந்துவிடும். என் முதல் தலை அப்படித்தான் இரண்டாகப் போனது. இரு பக்கமும் கோடு போட்டு, டிரில்லால் நடுவைக் குடைந்துவிட்டு, உளியால் இரு புறமிருந்தும் நடுவை நோக்கிச் செதுக்குங்கள். ஒரே பக்கமாகச் செதுக்கினால் மறுபக்கம் பெயர்ந்து வரும். புளி வைரத்தில் உளி சீக்கிரம் மழுங்கும். இரண்டு முறையாவது தீட்ட வேண்டியிருக்கும்.

காம்புக்குக் கருவேலம், நீளம் 14 அங்குலம். மேல்முனை துளையின் சாய்வுக்கு ஒத்த தடிப்பு. பிடிக்கும் பகுதி துளைக்குள் தாராளமாக நுழையும் அளவு மெலிவு. மேலிருந்து நுழைத்துத் தட்டினால், தலைக்கு மேலே அரை அங்குலம் துருத்தி நிற்க வேண்டும். நாளாக நாளாக அது தானே உள்ளே இறங்கும். கழற்ற வேண்டுமானால் காம்பின் அடியைத் தரையில் ஓங்கித் தட்டுங்கள், தலை கீழே நழுவிவிடும்.

விளிம்புகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு இருந்தால் பை கிழியும். வார்னிஷ் அடிக்காதீர்கள், ஐஸில் உதிரும். தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி, அதில் கொஞ்சம் தேன்மெழுகைக் கரைத்துத் தேய்த்தால் போதும். வெட்டுமுகங்கள் குடிக்கக் குடிக்கத் தேய்க்க வேண்டும், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அடித்தால் கட்டிகள் தூளாகிவிடும், தூள் சீக்கிரம் உருகி ஜூஸைத் தண்ணீராக்கும். ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், ஒட்டிய இடங்கள் இளகும். மடித்த கோணிமேல் பையைக் கிடத்தி, ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். பிறகு புரட்டிப் போட்டு இன்னொரு சுற்று. கையை ஓங்க வேண்டாம், ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் எடையே போதும்.

இரவில் துடைத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். ஐஸ் பெட்டிக்குள்ளேயே போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். என் கடைப் பையன் ஒருமுறை அப்படிப் போட்டு, மறுநாள் முகத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தது. மெழுகு தேய்த்து ஒப்பேற்றி வருகிறேன்.