பூங்காவில் புதர்ச்செடிப் பாத்தி: முதல் முறை கைகொடுக்கப் போகிறவர்களுக்கு

முதல் நாள் பூங்காவுக்குப் போன நான் நேராக மண்வெட்டியைத்தான் எடுத்தேன். ஒரே காலையில் முப்பது செடி. அடுத்த வருடம் பாதிக்கு மேல் காய்ந்து நின்றன. வெயில்தான் காரணம் என்று திட்டிக்கொண்டே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், தண்டும் வேரும் சேரும் கழுத்துக்கு மேலேயே மண் ஏறும்படி புதைத்து வைத்திருக்கிறேன்! அதனால் குழியைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்வேன்.

முதலில் கேளுங்கள். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, மண்ணுக்கடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கவேண்டிய செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஆர்வக்கோளாறில் நல்ல கன்றுகளும் போய்விடும்.

பிறகு களை. மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். விதை வைக்கும் முன்பே எடுத்துவிட்டால் அடுத்த வருட வேலை பாதியாகக் குறையும். புதரை வெட்டுமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் புதரை விட்டுவிடுங்கள். சருகைக் கூட்டி அள்ளவேண்டாம், அது மரத்துக்கான உரம். விழுந்து கிடக்கும் பட்ட கட்டையும் அப்படியே கிடக்கட்டும். வண்டுக்கும் காளானுக்கும் அதுதான் வீடு.

பாத்திக்கு இடம். ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள். பெரிய மரத்தடியில் கவனம் தேவை: உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கும். விரல் பருமனுக்கு வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் குழியைத் தள்ளிப் போடுங்கள். புல்லைச் செதுக்கி முதுகை ஒடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒட்டுநாடா கிழித்த அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து நனைத்துவிட்டால் புல் அடியிலேயே மட்கிப்போகும்.

நடவு. செடியைப் பையோடு வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்துப் பையைக் கிழியுங்கள். வேர்கள் பந்துபோலச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். பிரியாவிட்டால் மூன்று பக்கம் கத்தியால் கீறுங்கள். அப்படியே வைத்தால் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சுற்றும்.

இப்போது மேல்மண்ணை விரலால் கொஞ்சம் சுரண்டுங்கள். தண்டு அகலமாகி வேராகப் பிரியும் இடம் தெரியும். அதுதான் கழுத்து. நர்சரியிலேயே அதன்மேல் இரண்டு விரல் மண் ஏறியிருப்பது சகஜம். குழியின் ஆழத்தைக் கழுத்திலிருந்து வேர்க்கட்டியின் அடிவரை அளந்து எடுங்கள்; அகலம் மட்டும் இரண்டு மடங்கு. குழிக்குக் குறுக்கே ஒரு குச்சியை வைத்துப் பாருங்கள்: கழுத்து குச்சி மட்டத்தில் இருக்கவேண்டும், கீழே போகக்கூடாது. தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுக் கையால் அழுத்துங்கள், பூட்ஸ் காலால் மிதிக்கவேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விடுங்கள்.

இடைவெளியை இன்றைய அளவைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஒரு மீட்டர் விரியும் செடிக்கு ஒரு மீட்டர் விடவேண்டும். முதல் வருடம் பாத்தி மொட்டையாகத்தான் தெரியும், பரவாயில்லை.

மூடாக்கு (மண்ணின்மேல் பரப்பும் போர்வை), தண்ணீர். மரச்சீவலோ சருகோ 5 முதல் 8 செ.மீ. போதும். தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் மண் தெரியட்டும். ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். அப்புறம், தினமும் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக விடுவது மேல். மூடாக்கை விலக்கி விரலை உள்ளே விடுங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

கிளம்புமுன் கருவிகளை எண்ணிவிடுங்கள். சருகில் விழுந்த கத்தரிக்கோல் கண்ணில் படவே படாது. நான் இப்போதெல்லாம் கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிவிடுகிறேன்.