காசநோய்க் கிருமியின் புரதம் மனிதப் புரதத்தோடு ஒட்டுமா? கணினியில் தேடுவது எப்படி

மனிதப் புரதங்கள், மரபணுக் கணக்கில், சுமார் 20,000. காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு ஜோடி சேர்த்தால் 8 கோடி. இத்தனையையும் ஆய்வகத்தில் சோதிக்க முடியாது; கணினியில் சலித்து, சோதிக்கத் தகுந்த சிலவற்றை எடுக்கலாம். சாதாரண லேப்டாப் போதும்.

1. தரவு எடுங்கள்

யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளத்தில் எச்37ஆர்வி (H37Rv) என்று தேடுங்கள். 1998-இல் மரபணுத்தொகுதி வெளியான, காசநோய்க் கிருமியின் ஆய்வக வகை இதுதான். அதன் புரதத் தொகுதியையும் மனிதனுடையதையும் ஃபாஸ்டா கோப்புகளாக (புரதங்களின் அமினோ அமில வரிசையை எழுத்துகளாக வைத்திருக்கும் கோப்பு) இறக்குங்கள்.

2. சந்திக்கவே முடியாதவற்றை நீக்குங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் முக்கியமானது இதுதான். அவசரத்தில் பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். கிருமி நுரையீரலின் மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள் தங்குகிறது. அதன் ரைபோசோம் (புரதம் தயாரிக்கும் உறுப்பு) புரதம் கிருமிக்குள்ளேயே வேலை பார்ப்பது. மனிதப் புரதத்தைச் சந்திக்க அதற்கு வழியில்லை. வெளியே சுரக்கும் புரதங்களும் மேற்பரப்பில் இருப்பவையும் போதும்.

சுரக்கும் புரதங்களைக் கண்டுபிடிக்க சிக்னல்பி (SignalP) என்ற கருவி உதவும்; வெளியே அனுப்பப்படும் புரதத்தின் முனையில் உள்ள அடையாளத் துண்டை அது தேடும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஈஎஸ்எக்ஸ்ஏ (EsxA, இன்னொரு பெயர் ஈசாட்-6) என்ற கிருமிப் புரதம் தப்பிவிடும். கிருமியின் முக்கிய ஆயுதங்களில் ஒன்றான இது ஈஎஸ்எக்ஸ்-1 என்ற தனி வாசல் வழியாக வெளியேறுகிறது. சிக்னல்பி தேடும் அடையாளத் துண்டு இதில் கிடையாது. ஆகவே, சுரப்பதாக யூனிப்ராட் குறித்திருப்பவற்றையும் பட்டியலில் சேருங்கள். மனிதப் பக்கத்தில், மேக்ரோஃபேஜில் இருப்பவற்றை எந்தச் செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தை வைத்துப் பிரியுங்கள்.

3. ஒத்த ஜோடிகளைத் தேடுங்கள்

இதை இன்டரோலாக் (interolog) முறை என்பார்கள். அ, ஆ என்ற இரு புரதங்கள் ஒட்டுவது ஏற்கெனவே தெரியும். கிருமிப் புரதம் அ-வை ஒத்திருக்கிறது, மனிதப் புரதம் ஆ-வை ஒத்திருக்கிறது என்றால், இவையும் ஒட்டலாம். தெரிந்த ஜோடிகள் இன்ட்ஆக்ட் தரவுத்தளத்தில் கிடைக்கும். வரிசைகளை ஒப்பிட பிளாஸ்ட் (BLAST) என்ற கருவி போதும். ஒரு சிறு துண்டு மட்டும் பொருந்துவதை ஒத்த புரதம் என்று எண்ணிவிடாதீர்கள். புரதத்தின் நீளத்தில் பெரும்பகுதி பொருந்த வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. காசநோய்க் கிருமிக்கும் அதன் உறவினங்களுக்கும் மட்டுமே உரிய புரதங்களுக்கு வேறெங்கும் ஒத்த புரதம் இருக்காது. உதாரணம் எல்பிக்யூஎன் (LpqN) என்ற கிருமிப் புரதம். இது மனித சிபிஎல் (CBL) புரதத்தோடு சேர்வதை 2018-இல் ஆய்வகத்தில்தான் கண்டார்கள். அந்த ஆய்வு கண்ட கிருமி-மனிதப் புரத இணைவுகள் 187. உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டால், எதை விட்டீர்கள் என்று தெரியும்.

4. வடிவம் பொருந்துகிறதா?

மிஞ்சிய ஜோடிகளின் அமினோ அமில வரிசைகளை, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு சர்வரில் கொடுங்கள். இரு புரதங்களும் சேரும் விதத்தைக் கணித்ததில் எவ்வளவு நம்பிக்கை என்று காட்டும் ஐபிடிஎம் (ipTM) மதிப்பு 0.8-க்கு மேல் என்றால் நம்பலாம்; 0.6-க்குக் கீழே என்றால் கணிப்பு பெரும்பாலும் தோல்வி. முதலில் ஈஎஸ்எக்ஸ்ஏ, அதன் கூட்டாளிக் கிருமிப் புரதமான ஈஎஸ்எக்ஸ்பி (EsxB) இரண்டையும் கொடுத்துப் பழகுங்கள். இவை சேர்ந்திருக்கும் அமைப்பு ஏற்கெனவே தெரிந்தது என்பதால் சுலபமான தேர்வுதான். இரு வேறு உயிரினங்களின் புரதங்கள் என்றால் மதிப்பு குறைவாகவே வரும். குறைந்த மதிப்பை வைத்து 'ஒட்டாது' என்று முடிவு கட்டாதீர்கள்.

5. வலைப்படம்

ஜோடிகளை வலைப்படமாக வரையும் சைட்டோஸ்கேப் மென்பொருளில் ஏற்றினால், ஒவ்வொரு ஜோடியும் ஒரு கோடாகத் தெரியும்; சில மனிதப் புரதங்களில் கோடுகள் குவிந்திருக்கும். பி53 போன்ற பெயர் நடுவில் வந்தால் சந்தேகப்படுங்கள்: அது அளவுக்கதிகமாக ஆராயப்பட்ட புரதம், தரவுத்தளத்தில் அதற்கு ஜோடிகள் ஏராளம்.