பைபோலார் மாத்திரைகள்: நன்றாக இருக்கும்போது நடக்கும் தவறுகள்

ஆறு மாதமாக நல்ல தூக்கம். வேலைக்குப் போக முடிகிறது. வீட்டில் சண்டை இல்லை. "சரி, இனி எதற்கு மாத்திரை?" என்ற கேள்வி இந்த நேரத்தில்தான் வரும். மேசை டிராயரில் பிரிக்காத அட்டைகள் சேர ஆரம்பிக்கும். மனநிலை மிகை எழுச்சிக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயின் சிகிச்சையில் நான் அதிகம் பயப்படுவது அந்த டிராயரைப் பார்த்துத்தான்.

மாத்திரை தன் வேலையைச் செய்வதால்தான் பெரும்பாலும் அந்த ஆறு மாத நிம்மதி. பைபோலாருக்குத் தரும் மருந்தான லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா எனப்படும் மிகை எழுச்சி சீக்கிரமே திரும்பக்கூடும். தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும் மருத்துவர் சொல்லும் கணக்கில், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் வரை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1949 முதல் மேனியாவுக்குப் பயன்பட்டு வரும் மருந்து இது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இந்த அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளன்று பலர் பழக்கதோஷத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கடைசி டோஸுக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. காலை டோஸை ஊசி குத்திய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

உடம்பில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, திடீரென்று உப்பைக் குறைத்த பத்தியம் எல்லாமே இதில் சேர்த்தி. மூட்டுவலிக்கு நாமாகவே வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் அளவை ஏற்றிவிடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். கை பலமாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அடுத்த டோஸைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வேளை மறந்துபோனதை அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டு ஈடுகட்டுவதும் வேண்டாம்.

பைபோலாருக்குத் தரும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினில் அவசரம்தான் எதிரி. வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். அதனால்தான் சின்ன டோஸில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸுக்கே நேராகத் திரும்பாமல் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்கச் சொல்வார். இதே நோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே பேசி மாற்று மருந்துக்குப் போவது நல்லது.

சோர்வு அழுத்தும்போது பழைய சீட்டைக் காட்டி மனச்சோர்வு மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுவது இன்னொரு தவறு. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து துணைக்கு இல்லாவிட்டால் அது சிலரை மேனியாவுக்குள் தள்ளிவிடும். தூக்கம் மூன்று நான்கு மணி நேரமாகச் சுருங்கியும் களைப்பே தெரியவில்லை என்றால், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

அப்புறம், எடை ஏறுகிறது, மந்தமாக இருக்கிறது என்று நிறுத்தியிருந்தால் அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். டோஸை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் டோஸை இன்னும் ஏற்றி எழுதிவிடுவார். அட்டைகள் சேர்ந்திருந்தால் டிராயரிலிருந்து எடுத்து அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.